கயலுக்கு, பஸ் விஷயமாக

அன்பு கயல்,

பஸ்ஸை வீடாக மாற்றியவர்களைப் பற்றி நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் பார்த்தோம். அப்பா ஒன்றுவிடாமல் இரண்டாவது தடவையும் பார்த்தார். மஞ்சள் ஸ்கூல் பஸ், உள்ளே முழுக்க மரப்பலகை, மூலையில் விறகு அடுப்பு, அதன் மேல் கெட்டில். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் உங்கள் ஊர்ப் பனிக்குக் கட்டியது. மே மாதம் மத்தியானம் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில், வீடாக மாற்றிக்கொண்டிருக்கிற நம் பழைய பஸ்ஸுக்குள் ஏறி நின்று பார், விறகு அடுப்பே வேண்டாம், நாமே வெந்துவிடுவோம்.

அதனால் நம் வண்டியில் முதல் செலவு கூரைக்குத்தான். உள் தகட்டைப் பிரித்து, விலா விலாவாக இருக்கும் இரும்புக்கு நடுவில் ஃபோம் பலகை அடைத்தோம். அதோடு விட்டால் போதாது. அந்த இரும்பே வெயிலை உள்ளே கொண்டுவந்துவிடும். அதன் மேலும் மெல்லிசாக ஒரு ஃபோம் ஒட்டி, பிறகுதான் பிளைவுட். உயரத்தில் இரண்டு அங்குலம் போச்சு. அப்பா தலை இடிக்கவில்லை, சரி. வெளியே வெள்ளை பெயின்ட். ஜன்னல்களில் பாதியைத் தகடு வைத்து மூடிவிட்டோம். எதை மூடுவது என்பதில்தான் சண்டை. வீடு என்றால் மேற்கு பார்த்த ஜன்னலை மூடலாம். பஸ்ஸுக்கு ஏது மேற்கு? கடைசியில் என் அடுப்படிக்கு எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல் வேண்டும் என்றேன், மற்றதை அப்பா இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன்.

தரையைப் பிரித்தபோது உனக்கு போட்டோ அனுப்பாததற்குக் காரணம் உண்டு. இத்தனை வருஷம் கம்பெனி ஸ்டாஃப் ஏறி இறங்கிய வண்டி. பின் படிக்கட்டுப் பக்கம் பலகை கறுத்து, கையால் பிட்டால் உதிர்ந்தது. சக்கரத்துக்கு மேலே தரையைத் தாங்குகிற குறுக்கு இரும்பு ஒன்றில் டிங்கர் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், அது பாட்டுக்கு உள்ளே போய்விட்டது. கடல் காத்தும் மழைத் தண்ணீரும் செய்த வேலை. துரு பிடித்ததை வெட்டி எடுத்துப் புதுசு வெல்டிங் செய்து, அடியில் பெயின்ட் அடித்து, மேலே தண்ணீர் தாங்குகிற 710 கிரேடு மரைன் பிளைவுட் போட்டிருக்கிறோம். பலகைக்கு அடியில் கிடைத்த ஹேர்பின்னை எல்லாம் சேர்த்தால் ஒரு டப்பா வரும். சீட் எல்லாம் புதுப்பேட்டை பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன.

கரன்ட் விஷயம் முழுக்க என் பொறுப்பு. மின்வாரியத்தில் குப்பை கொட்டியது வீணாகப் போகவில்லை. பட்டறைக்கு வந்த எலக்ட்ரீஷியன் வீட்டு வயரிங் மாதிரியே மெல்லிசு வயரை இழுத்துவிட்டார். அவரை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வீட்டில் 2,000 வாட் என்றால் 9 ஆம்பியர் கூட வராது. பஸ்ஸில் 24 வோல்ட். அதே 2,000 வாட்டை இன்வெர்ட்டர் இழுத்தால் பேட்டரி வயரில் 83 ஆம்பியருக்கு மேல் ஓடும். மெல்லிசு வயர் என்னவாகும்? முழுவதையும் உருவிவிட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்து, தடிமனான காப்பர் கேபிள் போட்டார். பாவம், முகம் சுருங்கிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

மேலே 550 வாட் சோலார் பேனல் நாலு. ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், பஸ்ஸின் அகலத்துக்குக் குறுக்கே சரியாக உட்கார்ந்துகொண்டது. பழைய கேரியர் கம்பியிலேயே போல்ட் போட்டோம், கூரையில் ஒரு ஓட்டை கூடப் போட விடவில்லை. ஐப்பசி மழையில் ஒவ்வொரு ஓட்டையும் ஒழுகும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் கூரைக்கு நிழலும் ஆச்சு. வெயில் நாளில் ஏழெட்டு யூனிட் எதிர்பார்க்கிறேன். பேட்டரி ஐந்து யூனிட் பிடிக்கும். ஏசி ஒரு டன், அதுவும் தடுப்பு போட்ட படுக்கைப் பகுதிக்கு மட்டும். மிக்ஸி ஓடும். கிரைண்டர் கிடையாது, மாவு கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தண்ணீர் 200 லிட்டர். அப்பா 500 என்றார். 200 லிட்டரே 200 கிலோ ஆயிற்றே! தொட்டி இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில், கீழே. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019-ஐப் பார்த்தவர்களுக்கு 200 லிட்டர் தாராளம். கேஸ், 5 கிலோ சின்ன சிலிண்டர். அதற்கு வெளிப்பக்கம் திறக்கிற தனிப் பெட்டி, அடியில் ஓட்டை. கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

ஆர்.டி.ஓ. பற்றிக் கேட்டிருந்தாய். மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு இருக்கிறது, ஆர்.சி.யில் உள்ளதை மீறி நம் இஷ்டத்துக்கு வண்டியை மாற்ற முடியாது. "முதல்ல வேலைய முடிங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ஒரு ஏஜென்ட். வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கின பிறகுதான் சீட்டில் ஸ்பேனர் வைக்கவே விட்டேன். கேரவனுக்கென்றே ஏஐஎஸ் 124 என்று தனி விதிமுறை உண்டு, அதைப் பிரிண்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இன்னும் இன்ஸ்பெக்‌ஷன் பாக்கி. அவசர வழியை மறைத்துக் கட்டில் வரக் கூடாது என்று தச்சரிடம் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எஸ்டேட்டில் போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "எந்த ஹீரோவுக்கு சார்?" என்கிறார்கள். கேரவன் என்றாலே இந்த ஊரில் ஷூட்டிங்தானே. அப்பாவும் மறுப்பதில்லை.

சரி, அவசரமாக ஒன்று. எங்கள் கட்டில் பின்னால், பஸ்ஸின் குறுக்கே. உங்களுக்கு நடுவில் மேலும் கீழுமாக இரண்டு பெர்த், நீளவாக்கில். ஆறடி என்று தச்சர் குறித்து வைத்திருக்கிறார். மாப்பிள்ளை நல்ல உயரம், அவருக்குக் கால் இடிக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அவர் உயரத்தைச் சரியாக அளந்து இந்த வாரத்துக்குள் அனுப்பு. திங்கட்கிழமை பிளைவுட்டை அறுக்கிறார்கள்.

அம்மா