பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களும் சைக்கிளில் வரும் பிள்ளைகளும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களைச் சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றியமைப்பது பற்றி நகராட்சி கருத்துக் கேட்டிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்களும் தெருவாசிகளும் கடைக்காரர்களும் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். வார்டு மக்கள் கூடி நகராட்சியிடம் குறைகளைச் சொல்லும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்தில் இது பேச்சுக்கு வரும். அங்கே போய் "ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்டால் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். எந்த இடத்தில், என்ன அளவில், என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்.

பதினோராம் வகுப்பில் அரசு சைக்கிள் கொடுக்கிறது. ஆனால் "ரோட்டுல விடவே பயமா இருக்கு" என்று சொல்லி அதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, பைக்கில் கொண்டுவந்து விடும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர். பயம் நியாயமானது. ஆனால் காலை 9 மணிக்கு வாசலில் மொய்க்கும் அந்த பைக்குகளும் ஆட்டோக்களும்தான் மீதிப் பிள்ளைகள் சைக்கிளில் வருவதற்குப் பெரிய ஆபத்தாக இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் அடிப்படை வேகம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் பிள்ளையைப் பார்த்து, பிரேக் பிடித்து, வண்டியை நிறுத்த உலர்ந்த சாலையில் சுமார் 13 மீட்டர் ஆகும். 50 கிலோமீட்டரில் அது சுமார் 28 மீட்டர். ஒரு நொடி திகைப்பிலேயே வண்டி 14 மீட்டர் ஓடிவிடுவதுதான் காரணம். அதாவது, முதலாமவர் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாமவர் இன்னும் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார். "மெதுவாப் போனா வேலைக்கு லேட்டாகும்" என்ற கருத்தும் வந்தது. 400 மீட்டர் தெருவை 40-க்குப் பதில் 25 கிலோமீட்டரில் கடந்தால் கூடுதலாக ஆவது 22 நொடி. இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அதிகம் பேர் கேட்டது வேகத்தடை. தயவுசெய்து வெறுமனே "வேகத்தடை" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அப்படிக் கேட்ட இடங்களில் ஒன்றரை அடி அகலத்தில், அரை அடி உயரத்தில் ஒரு சிமென்ட் முண்டு ராத்திரியோடு ராத்திரியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சைக்கிளின் முன்சக்கரம் அதில் ஏறியதும் ஹேண்டில் திரும்புகிறது. கேரியரில் இருக்கும் தம்பியோ தங்கையோ தூக்கிப் போடப்படுகிறார்கள். தண்ணீர் போக ஓரத்தில் விட்ட ஒரு முழ இடைவெளியில் பைக்குகள் புகுந்து போகின்றன. சைக்கிள் ஓட்டுபவர் ஒதுங்கிப் போகும் இடமும் அதே ஓரம்தான். மோதல் அங்கேதான் நடக்கிறது. முதுகுவலிக்காரர்கள் எதிர்ப்பதிலும் தவறில்லை.

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை சாலையின் நீளவாக்கில் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். நடு உயரம் 10 சென்டிமீட்டர். சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் கடக்கலாம், அதைத் தாண்டினால்தான் உறுத்தும். எச்சரிக்கைப் பலகை 40 மீட்டர் முன்னதாக வேண்டும். ஓரத்தில் இடைவெளி விடாமல் சுவர்வரை கட்டி, மழைநீருக்கு அடியில் மூடிய வாய்க்கால் விட வேண்டும். ஒன்றே ஒன்று போட்டால் அதைத் தாண்டியதும் எல்லோரும் ஆக்ஸிலரேட்டரை முறுக்குவார்கள். ஆகவே ஏறத்தாழ 80 முதல் 100 மீட்டருக்கு ஒன்று வேண்டும். பள்ளி வாசலுக்கு நேராக மட்டும் மேல்பக்கம் தட்டையான மேடை வேண்டும். பிள்ளைகள் நடைபாதை மட்டத்திலேயே சாலையைக் கடக்கலாம்.

அடுத்து, "சைக்கிளுக்குத் தனிப் பாதை" என்ற கோரிக்கை. கிழக்குத் தெரு சுவருக்குச் சுவர் 7 மீட்டர்தான். இரு பக்கமும் 2 மீட்டர் ஒதுக்கினால் நடுவில் 3 மீட்டர் மிஞ்சும்; அது நடக்காது. அங்கே எல்லோரும் கலந்தே போக வேண்டும், ஆனால் மெதுவாக. பேருந்து நிலையச் சாலை வேறு. அது 18 மீட்டர். நடுவில் வண்டிகளுக்கு 7, ஒவ்வொரு பக்கமும் சைக்கிளுக்கு 2, நடைபாதைக்கு 2, தடுப்புக்கு அரை மீட்டர், வடிகாலுக்கு 1 என்றால் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் வெள்ளைக் கோடு மட்டும் போட்டுவிட்டுப் போனால் ஒரு வாரத்தில் அது பார்க்கிங் ஆகிவிடும். 15 சென்டிமீட்டர் உயரக் கரைக்கல் கட்ட வேண்டும். வீட்டு வாசல்களில் அதைச் சரித்து இறக்க வேண்டும். தண்ணீர் வடிய ஆங்காங்கே ஒரு அடி இடைவெளி விட வேண்டும். வரைபடம் போடுவதற்கு முன்பே மின்கம்பங்களையும் டிரான்ஸ்பார்மரையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாதையின் நட்டநடுவில் ஒரு கம்பம் நிற்கும். பாதையை யார் பெருக்குவது என்பதையும் கேளுங்கள். மணலும் கண்ணாடித் துண்டும் சேர்ந்த பாதையில் ஒரு பிள்ளையும் போகாது. சிலர் இரும்புக் கம்பம் நட்டு பைக்குகளைத் தடுக்கலாம் என்றார்கள். சைக்கிள் நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழையும். சக்கர நாற்காலிதான் மாட்டிக்கொள்ளும்.

பலரும் பேசாமல் விட்டது தெருமுனை. முனையை அகலமாக வளைத்துவிட்டிருப்பதால் வண்டிகள் வேகம் குறைக்காமலேயே திரும்புகின்றன. வளைவின் ஆரத்தை 9 மீட்டரிலிருந்து 4 மீட்டராகச் சுருக்கினால் யாராக இருந்தாலும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். குப்பை லாரி திரும்புமா என்ற கேள்வி சரியானது. சிமென்ட் கொட்டுவதற்கு முன் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, கூம்புகள் வைத்து, இரண்டு வாரம் பார்க்க வேண்டும். குப்பை லாரியும் தண்ணீர் லாரியும் திரும்பும்போது பின்சக்கரம் எங்கே போகிறது என்று கவனியுங்கள். சுண்ணாம்புக் கோட்டை மிதித்தால் அரை மீட்டர் தள்ளிக் கட்டலாம். முனையிலிருந்து 10 மீட்டருக்குள் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. நம் பிள்ளைகளின் தலை நிறுத்திய காரின் கூரைக்கு மேல் தெரியாது.

வடிகால் மூடிகளைப் பற்றி மேற்குத் தெரு அம்மாக்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கம்பிகள் சாலையின் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் அப்படியே இறங்கிவிடும். டயரின் அகலமே 4 சென்டிமீட்டருக்குக் குறைவு. கம்பிகள் குறுக்காக இருக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதால் பாதாளச் சாக்கடை மூடிகளும் பள்ளமாகிவிட்டன. மழைத் தண்ணீர் நின்றால் பள்ளம் கண்ணுக்கே தெரிவதில்லை. செலவு குறைவான வேலை இது, முதலில் செய்ய வேண்டியதும் இதுவே.

கடைக்காரர்களின் கவலையை நாம் உதறிவிடக் கூடாது. சரக்கு இறக்கக் காலை 8 மணிவரை அனுமதி கேட்கிறார்கள், கொடுக்கலாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிறுத்தலாம் என்பதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். தேர் வரும் வீதியில் நிலையான மேடு எதுவும் வேண்டாம் என்றார்கள் கோயில் தரப்பினர். அங்கே நகர்த்தக்கூடிய சிமென்ட் தொட்டிகளை மாற்றி மாற்றி வைத்து வழியை வளைத்தாலே வேகம் குறையும், திருவிழாவுக்கு எடுத்துவிடலாம். தெருவை அடைத்தால் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்ற கவலைக்கும் பதில் உண்டு. பள்ளி நேரத்தில் காலை 8:40 முதல் 9:20 வரையும், மாலை 4:10 முதல் 4:40 வரையும் கிழக்குத் தெருவில் வெளி வண்டிகள் நுழையாமல் தடுக்கக் கேட்கிறோம். தடுப்பு பூட்டுப் போட்டதாக இருக்காது. ஆள் நின்று தள்ளித் திறப்பதாகவே இருக்கும். தெருவாசிகள் நடை வேகத்தில் போய்வரலாம்.

"இங்கெல்லாம் இது நடக்குமா" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. இன்று சைக்கிள் நாடு என்று சொல்லப்படும் நெதர்லாந்தில் 1971-இல் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான் அந்தத் தெருக்கள் மாறத் தொடங்கின.

சைக்கிள் ஆபத்து என்று பிள்ளையின் கையில் ஸ்கூட்டர் கொடுப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.

இத்துடன் இணைத்துள்ள தாளில் உங்கள் வீட்டிலிருந்து பள்ளிவரையிலான வழியை வரைந்து, பயப்படும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில் நேரத்தையும் காரணத்தையும் எழுதுங்கள். "முனைக் கடை எதிரே, காலை 8:50, லாரி ரிவர்ஸ் எடுக்கிறது" என்பதுபோல் இருந்தால் பொறியாளர் அந்த இடத்துக்கு வந்து பார்ப்பார். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். அவர்களுக்குத் தெரிந்த பள்ளம் நமக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பகுதி சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்