எங்கள் மகளுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

மகளின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எதைச் சொல்லலாம், எதை விட வேண்டும் என்று முடிவு செய்ததும் அவள்தான். தத்து வந்த கதை அவளுடையது.

13 வயதில் அவள் பள்ளிக்குப் போக மறுத்தாள். சின்ன விஷயத்துக்கும் பொய் சொன்னாள். 'நீங்க ஒண்ணும் என்னைப் பெத்தவங்க இல்லையே' என்று கத்தினாள். பார்த்தவர்கள் திமிர் என்றார்கள். அதைப் பயம் என்று முதலில் சொன்னது நீங்கள்தான், கவுன்சலர் மேடம். அலமாரியில் துணிகளுக்கு அடியில் பிஸ்கட்டும் காய்ந்த ரொட்டியும் பதுக்குகிறாள் என்றபோது, "திட்டாதீங்க, பூட்டும் போடாதீங்க. அவளுக்குன்னு ஒரு டப்பா வையுங்க, அது எப்பவும் நிறைஞ்சே இருக்கட்டும்" என்றீர்கள். பசித்து அழுதும் யாரும் வராத காலம் குழந்தையின் நினைவில் இல்லாமல் போகலாம், உடம்பு அதை மறக்காது என்று விளக்கினீர்கள். டப்பா வைத்தோம். பதுக்கல் மெல்ல மெல்லத் தானாகவே குறைந்தது.

டாக்டர், பாடத்தில் கவனமில்லை என்றதுமே நீங்கள் மாத்திரை எழுதிவிடவில்லை. எப்போது என்ன ஆகுமோ என்று சதா விழிப்பாக இருக்கும் பிள்ளைக்கும் படிப்பில் மனம் நிற்காது என்று சொல்லி, பொறுத்திருந்து பார்த்தீர்கள். கவனிப்பு மிகக் குறைவாக இருந்த ருமேனியாவின் குழந்தைகள் இல்லங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போனவர்களை, மைக்கேல் ரட்டர் என்ற குழந்தை மனநல மருத்துவரின் குழுவினர் பல்லாண்டுகள் கவனித்ததைச் சொன்னீர்கள். 6 மாதத்துக்கு மேல் அங்கே இருந்தவர்களில் பலருக்குச் சிக்கல்கள் வளர்ந்த பிறகும் தொடர்ந்தன. அவர்களிலும் சிலர் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தார்கள். பொய்யாகத் தேற்றாமல் இரண்டையும் சொன்னதால்தான் உங்களை நம்பினோம்.

"சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது" என்றதும் நீங்கள்தான். கேட்டோம். தோன்றுகிறது என்றாள். அன்றிரவே ஓடி வந்து, விடியும்வரை எங்களோடு உட்கார்ந்திருந்த தோழிக்கு என்ன சொல்வது!

வகுப்பில் குழந்தைப் பருவப் படத்தோடு குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். அவளிடம் அப்படி ஒரு படம் கிடையாது. விஷயம் தெரிந்ததும் ஆசிரியை, அவளை மட்டும் தனியாகப் பிரிக்காமல், 'உங்களுக்கு முக்கியமானவர்களைப் பற்றி எழுதுங்கள்' என்று வகுப்பு முழுவதற்குமே மாற்றிக் கொடுத்தார். டீச்சர், அன்று அவள் உங்களைப் பற்றியும் எழுதினாள்.

"இவ்வளவு செஞ்சும் நன்றி இல்லையே" என்று உறவினர் ஒருவர் அவள் காதுபடவே சொன்னார். "பிள்ளை எதுக்கு நன்றி சொல்லணும்? பிள்ளை வேணும்னு ஏங்கினது நாமதானே" என்று என் அம்மா பட்டென்று கேட்டார். தத்துப் பிள்ளை என்றால் காலமெல்லாம் கடன்பட்டவள் என்ற நினைப்பு இந்தப் பிள்ளைகளை எவ்வளவு அழுத்துகிறது! அம்மா, அந்த ஒரு கேள்விக்கு நான் உங்களுக்கு எவ்வளவோ கடன்பட்டிருக்கிறேன்.

கடைசியாக, தானும் தத்துப் பிள்ளையாக வளர்ந்த அந்த அக்காவுக்கு. பெற்றவளை நினைத்து அழுவதும் எங்கள்மேல் பாசம் வைப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை என்று நாங்கள் சொன்னபோது அவள் நம்பவில்லை. நீங்கள் சொன்னபோது நம்பினாள்.

பிறந்தநாள் நெருங்கினால் இன்னும் சிரமம்தான். கவுன்சலிங் தொடர்கிறது. பெற்றவளைத் தேடுவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுத்தால் அக்காவைத்தான் முதலில் கூப்பிடுவாளாம். இதில் எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அவளுடைய அம்மாவும் அப்பாவும்