பழைய மாணவர் பட்டியலில் மல்லாவி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் பல்கலைக்கழகமொன்றின் ஆங்கிலத் துறைச் செய்திகளுக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். யாருக்குப் பதவி உயர்வு, யார் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பினார்கள், எந்தக் கருத்தரங்கு எங்கே நடந்தது, பழைய மாணவர்கள் எந்தெந்த நாட்டில் என்னவாக இருக்கிறார்கள் என்று எல்லாம் இருந்தது. ஆறுதலாக இருந்து இரண்டு தரம் வாசித்தேன். படங்களையும் எண்ணினேன். ஒன்பது. ஐந்தில் குத்துவிளக்கு, இரண்டில் பொன்னாடை. வகுப்பறை ஒன்றிலும் இல்லை.

குறை பிடிக்கவென்றே பேனை எடுத்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அந்தத் துறையில் படித்தவனில்லை. ஆசிரியர் பயிற்சி பெற்று, 1995 இடப்பெயர்வில் வன்னிக்கு வந்து, பிறகு இங்கேயே ஊன்றிவிட்ட ஓர் ஆங்கில வாத்தியார். பென்சன் எடுத்து ஐந்து வருடமாகிறது. ஆனாலும் எங்கள் பக்கத்து ஆங்கிலத் துறைகளில் இருந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டால் இன்றைக்கும் ஒரு பெருமை வரத்தான் செய்கிறது. யாழ்ப்பாண வளாகம் 1974 இல் தொடங்கியது. அங்கே ஆங்கிலம் போதித்த ஏ. ஜே. கனகரட்னா, தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே கையில் வைத்திருந்த மனிதர். 2006 இல் காலமானார். சுரேஷ் கனகராஜா 1994 வரை அங்கே படிப்பித்துவிட்டு அமெரிக்கா போனவர். நல்ல தாளே கிடைக்காத காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்துகொண்டு வெளிநாட்டு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவது என்ன பாடு என்பதைப் பின்னாளில் அவர் எழுதினார். அந்த இதழ்கள் கேட்டபடி பல பிரதி எடுக்கவே இங்கே வழியிருக்கவில்லை. அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அதே காலத்தில்தான் நாங்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தோம். செல்வா கனகநாயகம் கனடாவில் பேராசிரியராக இருந்து, எங்கள் எழுத்துக்களை ஆங்கிலத்தில் தொகுத்து உலகத்துக்குக் காட்டினார். 2014 இல் அவரும் போய்விட்டார். இப்படிப்பட்டவர்களைப் பற்றி எத்தனை பக்கம் போட்டாலும் நான் வாசிப்பேன்.

எனக்குள்ள கேள்வி வேறு. உங்கள் பக்கத்தில் ‘எங்கள் பழைய மாணவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் ரொறன்ரோ இருந்தது, மெல்பேர்ண் இருந்தது, கொழும்பில் ஒரு வங்கி இருந்தது. எங்கள் வன்னி ஊர்களில் ஒன்றும் இல்லை. மல்லாவி இல்லை. துணுக்காய் இல்லை. ஒட்டுசுட்டான் இல்லை. அந்தத் துறையில் படித்துவிட்டு இங்கே வந்து சோக்கட்டி பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரோடு நான் மூன்று வருடம் ஒரே ஓய்வறையில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். அவர் என்ன செய்தார் என்பதைச் சொன்னால்தான் இந்தக் கடிதம் ஏன் என்று உங்களுக்கு விளங்கும்.

யாழ். குடாநாட்டிலிருந்து வந்த இளம் பிள்ளை. ஏ-9 வீதியை விட்டு உள்ளே பல மைல் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்கு முதல் நியமனம். ஒரு வீட்டில் வாடகைக்கு அறை எடுத்து, சைக்கிளில் வந்து போவா. வந்த முதல் மாதம் நான் அவவைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. கம்பஸில் நாடகமும் கவிதையும் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஓ.எல் பரீட்சை வினாத்தாள் எங்கே விளங்கப்போகிறது என்பதுதான் எங்களைப் போன்ற பழைய ஆட்களின் எண்ணம்.

ஒருநாள் பதினோராம் வகுப்புக்கு அறுவடை பற்றிக் கட்டுரை கொடுத்திருக்கிறா. ஒரு பெடியன், ‘மை ஃபாதர் இஸ் வோக்கிங் ஒன் த ஹீற்’ என்று எழுதிவிட்டான். ஓய்வறையில் கொப்பியை எனக்குக் காட்டினா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சூடு மிதிப்பதைத்தான் பெடியன் அப்படி எழுதியிருக்கிறான். வெட்டிய நெற்கதிரைக் கட்டிக் குவித்து வைப்பதற்கு எங்களிடம் சூடு என்று பெயர். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சூட்டுக்கு ஒரு சொல்தான் இருந்தது. நானாக இருந்தால் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே ‘திரெஷிங்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கொப்பிக்குப் போயிருப்பேன். முப்பது வருடம் அதைத்தான் செய்தேன்.

அவ வெட்டவில்லை. அடுத்த நாள் அந்தப் பெடியனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, சூடு மிதிக்கிறது என்றால் என்ன, கீறிக் காட்டு என்றா. அவன் வட்டம் கீறினான், நடுவில் சூட்டை வைத்தான், மாட்டைச் சுற்ற விட்டான். மாடு வைத்து மிதித்ததை அவனும் கண்டதில்லை, அப்பு சொல்லக் கேட்டதுதான். தகப்பன் காலத்தில் உழவு இயந்திரம், இப்போது வெட்டும் மெசின். மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பொலி, வைக்கோல், பதர், சுளகு என்று சொல் வந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்து வகுப்பில் நின்று, இதென்ன சந்தை இரைச்சல் என்று எட்டிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அவ ஒரு விசயத்தோடு வந்தா. தன்னுடைய பழைய விரிவுரையாளரிடம் தொலைபேசியில் கேட்டாவாம். திரெஷிங் என்றால் ஆங்கிலேயனின் ஊரில் பெரும்பாலும் தடியால் அடித்துத் தானியத்தைப் பிரிப்பது. மாட்டைக் கொண்டு மிதிப்பதற்கு அவர்களின் பழைய பைபிளிலேயே வேறு சொல் இருக்கிறது, ‘ட்ரெடிங் அவுட்’. உபாகமம் 25 ஆம் அதிகாரம், 4 ஆம் வசனம். வகுப்பிலிருந்த ஒரு வேதக்காரப் பிள்ளை அடுத்த நாள் தமிழ்ப் பைபிளைக் கொண்டுவந்து, ‘போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக’ என்று வாசித்தது. போர் என்றால் சண்டைதானே என்று ஒருவன் கேட்க, அதில் இன்னொரு பாடவேளை போனது. சூட்டை ஹீற் என்று எழுதினவனைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள், போரைச் சண்டை என்று விளங்கினவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு முதலில் வருகிற பொருள் அதுதானே.

பாடத்திட்டத்தில் இதெல்லாம் இல்லை. சரி, பிறகு என்ன நடந்தது? அந்தப் பெடியன் ஓ.எல்லில் ஆங்கிலத்துக்கு ‘சி’ எடுத்தான். உங்களுக்கு அது சின்ன விசயமாகப் படலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு ‘சி’ வந்தால் அதிபர் காலைப் பிரார்த்தனையில் பெயர் சொல்லி வாசிப்பார்.

மூன்று வருடம் முடிய ரீச்சருக்கு இடமாற்றம் கிடைத்தது. அவவில் பிழையில்லை, வீட்டில் வயதான தாய். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்த இடம் வெற்றிடம். வர்த்தகப் பாட ஆசிரியர் ஒருவர்தான் ஆங்கிலத்தையும் பார்த்தார், பாவம். கேட்டுக் கடிதம் எழுதினோம், பதிலும் வந்தது, ஆள் வரவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வன்னி இப்போது பல்கலைக்கழகம் இல்லாத இடமில்லை. யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் நடக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. அறிவியல் நகரில் விரிவுரை ஆங்கிலத்தில். ஏ.எல் வரைக்கும் தமிழில் படித்த பிள்ளை, பொது ஆங்கிலத்தின் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிக்குச் சேராது என்று அதைத் தொடாமலே விட்ட பிள்ளை, அங்கே போய் முதல் நாள் முழிக்கிறது. அந்த முழிப்பு தொடங்குவது அங்கே இல்லை, என்னுடைய பழைய பள்ளிக்கூடத்து வெற்றிடத்தில். ஆங்கில இலக்கியத்தை ஏ.எல்லில் ஒரு பாடமாக எடுத்த பிள்ளையை நான் இருந்த பத்தொன்பது வருடத்தில் அங்கே காணவில்லை. பிறகு இங்கேயிருந்து ஆங்கிலத் துறைக்கு யார் போவது?

அதனால் இரண்டு கேட்கிறேன், ஒன்று துறையிடம், ஒன்று உங்களிடம். துறை அடுத்த முறை பழைய மாணவர் ஒன்றுகூடலை இங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைக்கட்டும். இங்கே படிப்பிக்கும் தங்கள் பட்டதாரிகளைப் பேச விடட்டும், பொன்னாடையை விட்டுவிடலாம். நூலகத்தில் கழித்து ஒதுக்கும் புத்தகங்களையும் நாலு பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தால் மெத்தப் பெரிய உதவி. நீங்கள், அடுத்த செய்திப் பக்கம் போடும்போது, துறையின் பட்டதாரிகளில் எத்தனை பேர் வன்னியில் படிப்பிக்கிறார்கள் என்று துறையிடமே ஒரு வரி கேட்டுப் போடுங்கள். எங்கள் ரீச்சரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவவுக்குப் பிடிக்காது. துறையின் இடாப்பில் இருக்கும்.

இடம் மாங்குளமாக இருந்தால் நல்லது. யாழ்ப்பாண பஸ்ஸும் வவுனியா பஸ்ஸும் சந்தியில் நிற்கும், மல்லாவிப் பிள்ளைகளும் ஒட்டுசுட்டான் பிள்ளைகளும் பஸ் மாறாமல் வந்து இறங்கலாம். மாசியில் மட்டும் வைக்க வேண்டாம். காலபோக வெட்டு நேரம், பாதிப் பிள்ளைகள் வயலில் நிற்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மல்லாவி.