மெனுவுக்கு எட்டாத மாறிகள்

கோலாலம்பூர்

அன்பு நண்பா,

இங்கே எல்லாரும் நலம். பத்துமலையில் தைப்பூச வேலைகள் களைகட்டிவிட்டன. பினாங்கில் தண்ணீர்மலையும் அப்படித்தான் இருக்கும். விழா மலர் அச்சுக்குப் போவதற்குள் உன் கணினி சரியாக வேண்டுமே, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் டெபியன் லினக்ஸில் முனையத்திலிருந்து (கட்டளைச் சன்னலிலிருந்து) மவுஸ்பேட் என்ற உரைத் திருத்தியைத் திறந்தால் தமிழ்99 விசைப்பலகை வேலை செய்கிறது, மெனுவிலிருந்து திறந்தால் ஆங்கிலம்தான் விழுகிறது என்று எழுதியிருந்தாய். காரணம் அதிலேயே இருக்கிறது. சூழல் மாறிகள், அதாவது நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்புகள், தாய் நிரலிடமிருந்து அது தொடங்கும் சேய் நிரலுக்குத்தான் இறங்கும். நீ மாறிகளை எழுதிய டாட் பேஷ்ஆர்சி கோப்பு, முனையச் சன்னலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் தொடங்கும்போது படிக்கப்படுவது. மெனுவோ லைட்டிஎம் (உள்நுழைவுத் திரை), எக்ஸ்செஷன் (அமர்வைத் தொடங்கும் ஸ்கிரிப்ட்), எக்ஸ்எஃப்சிஇ செஷன் (மேசைத்தள அமர்வு), பேனல் (மெனு இருக்கும் பட்டை) என்ற வழியில் பிறக்கிறது. அந்த வழியில் யாரும் பேஷ்ஆர்சியைத் தொடுவதில்லை.

முதலில் உறுதிசெய்துகொள். மவுஸ்பேட் சன்னல்கள் அனைத்தையும் மூடு. ஒன்று திறந்திருந்தாலும் புதியது அந்தப் பழைய நிரலுக்குள்ளேயே திறக்கக்கூடும், சோதனை கெட்டுவிடும். பிறகு மெனுவிலிருந்து திறந்து, முனையத்தில் பிஜிரெப் கட்டளையால் மவுஸ்பேடின் நிரல் எண்ணை எடு. புரோக் அடைவில் அந்த எண்ணின் கீழே என்விரான் என்ற கோப்பு இருக்கும், அந்த நிரல் தொடங்கியபோது பெற்ற சூழல் மாறிகள் அதில்தான் இருக்கும். பதிவுகளுக்கிடையே வரிமுறிவு இருக்காது, நல் பைட்தான் (சுழி மதிப்புள்ள பைட்) இருக்கும். டிஆர் கட்டளையால் அதை வரிமுறிவாக்கி, ஐஎம்_மாட்யூல் என்று கிரெப் கட்டளையால் தேடு. எதுவும் வரவில்லையென்றால் சந்தேகமே வேண்டாம், மாறிகள் மெனுவுக்கு எட்டவில்லை. மாறியின் மதிப்பைக் காட்டும் எக்கோ கட்டளையை நம்பாதே, அது முனையத்தின் சூழலை மட்டும் காட்டும்.

தமிழ் உள்ளீட்டைத் தரும் ஐபஸுக்கான மூன்று மாறிகளையும் பேஷ்ஆர்சியிலிருந்து நீக்கிவிடு. டெபியனில் அதற்கென்றே இம்-கான்ஃபிக் என்ற கருவி இருக்கிறது. ஐபஸைத் தேர்ந்தெடுத்தால் மாறிகளையும் அதுவே அமைக்கும், ஐபஸ் டீமனையும் (பின்னணி நிரலையும்) கிளப்பும். கையால் வேறெங்கும் எழுதி வைக்காதே. மாறிகள் ஏற்கெனவே அமைந்திருந்தால் இம்-கான்ஃபிக் ஒதுங்கிவிடும்.

பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை யூனிகோடாக்கும் உன் ஸ்கிரிப்ட் மெனுவிலிருந்து ஓடாததற்கும் இதே காரணம்தான்: பாத், அதாவது நிரல்களைத் தேட வேண்டிய அடைவுகளைச் சொல்லும் மாறி. இந்தப் பாத் மாறியை இல்ல அடைவில் டாட் எக்ஸ்செஷன்ஆர்சி கோப்பில் எழுது. டெபியன் லைட்டிஎம்மில் டாட் புரொஃபைல் படிக்கப்படும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். அந்தக் கோப்பைப் படிப்பது பேஷ் அல்ல, டாஷ் என்ற எளிய ஷெல். சோர்ஸ், இரட்டைச் சதுர அடைப்பு, அரே போன்ற பேஷ் வசதிகள் எதுவும் செல்லாது. அதோடு எக்ஸ்செஷன் ஸ்கிரிப்ட் செட் மைனஸ் ஈ (தவறு வந்தால் உடனே நில் என்ற கட்டளை) போட்டு ஓடுகிறது. உன் வரி ஒன்று தோற்றாலும் அமர்வே நின்று, கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுத் திரைக்கே திரும்புவாய். எனவே மாறியை அமைக்கும் எக்ஸ்போர்ட் வரிகள் மட்டும் போதும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. புதிய அடைவுக்குப் பின் முக்காற்புள்ளி போட்டுப் பழைய பாத்தையும் சேர். அதை விட்டால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைகூடக் கிடைக்காது.

மாட்டிக்கொண்டால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்து, அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிடு. ஏன் விழுந்தது என்பது டாட் எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பில் இருக்கும்.

மாற்றியபின் புது முனையம் திறந்து பார்ப்பதில் பயனில்லை, பேனல் பழைய சூழலோடுதான் இருக்கும். முழுதாக வெளியேறி மறுபடி நுழை. அப்படியும் சரிவராவிட்டால் என்விரான் வெளியீட்டை அப்படியே அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். மலரில் ஒரு பிரதி எனக்கும் எடுத்து வை.

அன்புடன்,
உன் நண்பன்