மலருக்கு, வயிறு பற்றி

அன்பு மகள் மலருக்கு,

நேற்று வீடியோவில் பேசும்போது உன் மேசையைப் பார்த்தேன். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் மாத்திரை அட்டை, நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக் டப்பா, இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி. அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்போது வாய் திறக்கவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை.

பாண்டோபிரசோல் கெட்ட மருந்து அல்ல, கண்ணு. புண் ஆற அது வேண்டும். எத்தனை வாரத்துக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு ஆண்டுகள் காலையில் எழுந்ததும் ஒன்று விழுங்கினேன். ஒருநாள் கடைத்தெருவில் செருப்பு கழன்று போனதே தெரியாமல் நடந்திருக்கிறேன். உள்ளங்கால் அந்த அளவுக்கு மரத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில், நரம்புக்கு வேண்டிய வைட்டமின் பி12 மிகவும் குறைவு. உணவிலிருந்து பி12 பிரிந்து வர வயிற்று அமிலம் தேவை, அதை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்திருந்தேன். பி12 கிடைக்கும் கறி மீனை நாம் தொடாதவர்கள் வேறு. நீ எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறாய் என்று எழுது. ஆனால் நீயாகத் திடீரென்று நிறுத்திவிடாதே. அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் கூடலாம்.

உன் வயிற்று எரிச்சலுக்குக் காரணம் என்ன என்று மருத்துவரைப் பார்க்கச் சொல். வயிற்றுப் புண் கவலையாலும் காரத்தாலும் வருவது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1984இல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வந்ததைக் காட்டினார். 2005இல், உடன் ஆய்வு செய்த ராபின் வாரனோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி இருந்தால் பெரும்பாலும் இரண்டு வார மருந்தில் போய்விடும். பாண்டோபிரசோல் சாப்பிடுவதை மறக்காமல் சொல். மூச்சுப் பரிசோதனையிலும் மலப் பரிசோதனையிலும் அது கிருமியை மறைத்துவிடும்.

இசப்கோல் நல்லதுதான். ஒரு டீஸ்பூனில் தொடங்கு, கூடவே ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடி. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் கூடும். மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடு.

அந்தப் புரோபயாடிக் டப்பா எதற்கு என்று யாராவது சொன்னார்களா? ஒவ்வொரு நுண்ணுயிர் வகையும் ஒவ்வொரு வேலைக்கு. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் பேதிக்குச் சில வகைகள் உதவும். பொதுவாக வயிறு நன்றாக இருக்கட்டும் என்று மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. வீட்டில் உறையூற்றிய தயிர் இருக்கிறது. பழைய சோறு இருக்கிறது. இட்லி மாவிலும் அதே இனத்து நுண்ணுயிர்கள்தான், ஆனால் ஆவியில் வேகும்போது அவை செத்துவிடும். பழைய சோற்றில் உயிரோடு வரும். சோறு ஆறியதும் சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி வை. மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடு. மதியம்வரை வெளியில் வைக்காதே. வாடை மாறியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு.

மலம் கறுத்தாலோ, எடை தானாகக் குறைந்தாலோ, வலி நடு இரவில் எழுப்பினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போ. இல்லையென்றாலும் வரும் வெள்ளிக்குள் குடல் மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். பி12 பரிசோதனையையும் சேர்த்து எழுதித் தரச் சொல்.

அம்மா மணத்தக்காளி வற்றல் அனுப்பியிருக்கிறாள். மோர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா