பிள்ளை பிறந்த முதல் வாரத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள்

தமிழ்நாட்டில் தாய் சேய் நலத்துக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசவமான பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டு நாளுக்குள், பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வீட்டுக்கு வர வேண்டும். பிள்ளை ஒரு வேளை பால் குடிப்பதை முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளையை எடை போட வேண்டும். ஊர், சாதி, வசதி, எத்தனையாவது பிரசவம் என்றெல்லாம் பார்க்காமல் எல்லாத் தாய்மாருக்கும் இது நடக்க வேண்டும்.

இது புதுக் கோரிக்கை இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கே போய்ப் பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் திட்டத்தை மத்திய அரசு 2011-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் பார்க்க வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது. பிரசவம் முடிந்து மூன்று நாளுக்குள் ஒரு முறை, அப்புறம் இரண்டாம் வாரத்தில் ஒரு முறை, ஆறாம் வாரத்தில் ஒரு முறையாவது தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆக, எழுத்தில் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில்தான் யாரும் இல்லை.

என் தங்கைக்குச் சமீபத்தில் முதல் பிரசவம். அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், ஆண் பிள்ளை, 2 கிலோ 900 கிராம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 102 வண்டியில் வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். அந்தச் சேவைக்கு மனதார நன்றி சொல்கிறேன். வார்டில் இருந்த நாட்களில் காலை மாலை ரவுண்ட்ஸ் வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "பால் குடிக்குதாம்மா?" அவள் "குடிக்குது" என்பாள், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். முதல் பிள்ளை பெற்றவளுக்கு, பிள்ளை பால் குடிக்கிறதா, வெறுமனே காம்பைச் சப்பிக்கொண்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு கட்டிலில் இரண்டு நிமிடம் நின்று பார்க்கக்கூட அங்கே யாருக்கும் நேரம் இல்லை. வார்டுக்குள் ஆண்களை விடாததால் அவள் கணவர் வராந்தாவிலேயே நின்றார். பிள்ளையைப் பற்றி அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளை ஓயாமல் அழுதான். தங்கைக்குக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. பிள்ளையை மடியில் போட்டாலே பல்லைக் கடித்துக்கொள்வாள். அப்புறம் தெருவே வந்து யோசனை சொன்னது. பால் பத்தவில்லை, பூண்டு தின்னச் சொல், சுறாப்புட்டு பண்ணிக் கொடு என்றார் ஒருவர். பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்றார் இன்னொருவர். சர்க்கரைத் தண்ணீரைச் சேனை தொட்டு வைத்தார்கள். வசம்பு உரசிக் கொடுத்தார்கள். செல்போனில் ஒரு காணொளி ஒன்றைச் சொன்னது, அடுத்தது அதற்கு நேர்மாறாகச் சொன்னது. இவர்கள் யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஓடி வந்தார்கள். சொல்ல வேண்டியவர்கள் வராத இடத்தில் தெரிந்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் பிள்ளையின் அழுகை குறைந்தது. ஆறாம் நாள் அநேகமாக நின்றே விட்டது. தூங்கிக்கொண்டே இருந்தான். சுற்றிப் போட்டதில் திருஷ்டி கழிந்தது என்று வீடே நிம்மதி ஆனது. கோமணத்துணியைக் காலையில் கட்டியது சாயங்காலம் வரை காய்ந்தே கிடந்தது. அதில் செங்கல்பொடி நிறத்தில் ஒரு கறை மட்டும் இருந்தது. சூட்டினால் அப்படித்தான் போகும் என்று விளக்கெண்ணெய் தடவினார்கள். அன்று ராத்திரி தங்கை பாலுக்கு எழுப்பியபோது பிள்ளை வாயைத் திறக்கவில்லை. உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். எடை 2 கிலோ 450. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, அழுகிற தெம்புகூட இல்லாமல்தான் தூங்கியிருக்கிறான் என்று மருத்துவர் சொன்னபோது என் தங்கையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறந்த பிள்ளைக்கு முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் உடனே கவனிக்க வேண்டும் என்று அங்கேதான் கேள்விப்பட்டோம். ஐந்து நாள் ஆன பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு முறையாவது துணியை நனைக்க வேண்டும், செங்கல்பொடிக் கறை அந்த நேரத்தில் தெரிந்தால் பால் போதவில்லை என்று அர்த்தம், எழுப்பினாலும் எழாமல் தூங்குகிற பிள்ளையைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வர வேண்டும் என்றும் அங்கேதான் சொன்னார்கள். இதெல்லாம் பெரிய மருத்துவம் இல்லை. ஒரு தராசும், விஷயம் தெரிந்த ஒரு மனுஷியும் நாலாம் நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பிள்ளை தேறிய பிறகு அந்த வார்டு சிஸ்டர் ஒருவர் தங்கை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையின் வயிறு அம்மாவின் வயிற்றோடு ஒட்டுகிற மாதிரித் திருப்பினார். வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து, காம்போடு சேர்த்துக் கறுப்பு வட்டமும் உள்ளே போகும்படி அணைத்துக் கொடுக்கச் சொன்னார். தாடை மார்பில் அழுந்தியது. கொஞ்ச நேரத்தில் 'களக் களக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது. தங்கை வலிக்கவில்லை என்று சொல்லி அழுதாள். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். "இதை முன்னாடியே யாரும் சொல்லித் தரலையாம்மா?" என்று அந்த சிஸ்டர் கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் அனுப்பி வைக்கிறேன்.

எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் பணியிடம் காலி. பக்கத்துத் துணை சுகாதார நிலையத்து நர்சம்மாதான் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். ஐந்தாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி நம்பர் கேட்டார், டிஸ்சார்ஜ் தேதி கேட்டார், பிறந்த எடை கேட்டார். "தாய்ப்பால்தானே குடுக்கிறீங்க?" என்றார். ஆமாம் என்றோம். பதிவு முடிந்தது. அந்தப் பதிவேட்டில் எங்கள் வீட்டுப் பிள்ளை தாய்ப்பால் குடித்து நலமாக இருக்கும் குழந்தை. அந்த நேரத்தில் அவன் இங்கே வாடிக்கொண்டிருந்தான்.

அந்த நர்சம்மா மேல் பழி போடாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது கணக்கு. இரண்டு நிலையத்தை ஒருவர் பார்த்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய வேண்டும், புதன்கிழமை தடுப்பூசி போட வேண்டும், குடும்ப நலம், காய்ச்சல் கணக்கெடுப்பு, மகப்பேறு நிதியுதவிக்கான விவரங்கள், கூட்டங்கள், இதெல்லாம் முடிந்த பிறகு அத்தனையையும் கணினியில் ஏற்ற வேண்டும். என்ட்ரி விழவில்லை என்றால் மேலிடத்தில் கேள்வி வருகிறது. ஒரு தாய் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காரவில்லை என்றால் யாரும் கேட்பதில்லை. எதைக் கேட்கிறீர்களோ அதுதான் நடக்கும்.

கர்ப்ப காலத்தில் இந்த அரசு எங்களை விட்டு நகரவே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு இலக்க பிக்மி எண் வாங்கினோம். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது. இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காக நடந்தன. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் 18,000 ரூபாய் தருகிறீர்கள். அங்கன்வாடியில் சத்துமாவு கொடுத்தார்கள். சமுதாய வளைகாப்பில் என் தங்கை கைநிறைய வளையலோடு மேடையில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒன்பது மாதத்தில் பிள்ளையை எப்படிப் பிடித்துப் பால் கொடுப்பது என்று ஒரு பொம்மையை வைத்தாவது காட்டிக் கொடுத்திருக்கலாம். வளைகாப்பு நடந்த அதே மண்டபத்தில், அதே மதியம் செய்திருக்கலாம்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. நாடே பார்த்துப் பெருமைப்படுகிற எண் அது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் கணக்கில் நாம் பாதியைச் சற்றுத்தான் தாண்டியிருக்கிறோம். பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரத் தெரிந்த அரசுக்கு, ஆஸ்பத்திரி அறிவை வீட்டுக்குக் கொண்டுபோகத் தெரியாதா?

தெரியும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினீர்கள். என் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. அந்தப் பெண் தன்னார்வலர் எங்கள் கதவைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிரஷர் பார்த்துவிட்டுத்தான் போகிறார். அதே கதவுக்குப் பின்னால் ஆறு நாள் பிள்ளை கிடந்தது. அவனைத் தேடி யாரும் வரவில்லை.

இந்த வெற்றிடத்தை நீங்கள் நிரப்பாவிட்டால் நிரப்ப ஆள் இருக்கிறார்கள். பணம் இருக்கிற வீடுகளில் கட்டணம் கொடுத்துப் பாலூட்டல் ஆலோசகரை வரவழைக்கிறார்கள். பணம் இல்லாத வீட்டுக்குப் பால் மாவு டப்பா வருகிறது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த டப்பாவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பயந்துபோன வீட்டுக்கு விளம்பரமே தேவையில்லை. "பால் பத்தலை" என்று ஒருவர் சொன்னால் போதும், மாமனார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்விடுவார். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போடுவார்கள். உண்மையிலேயே மாவுப்பால் தேவைப்படுகிற தாய்மாரும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர்களுக்கும் எவ்வளவு, எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லித்தர ஒருவர் வேண்டுமே. தாயின் மனநிலையை விசாரிக்கவும் ஆள் இல்லை. பெற்ற பிறகு காரணமில்லாமல் அழுகிற பெண்ணைக் "காத்து கருப்பு" என்று சொல்லிக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற நிலைமை இன்னும் மாறவில்லை. வருகிறவர் ஒரு வார்த்தை "நீ தூங்கினியாம்மா?" என்று கேட்டாலே பாதி பாரம் இறங்கும்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை அதேதான்: முதல் வாரத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். முதலில் காலியாக இருக்கும் கிராம சுகாதார செவிலியர் பணியிடங்களை நிரப்புங்கள். அவர்கள் தலையில் இருக்கும் கணினி வேலைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனி ஆள் போடுங்கள். அதுவரை மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்களுக்குப் பால் புகட்டுவதைக் கவனிக்கவும் ஆபத்து அறிகுறிகளைக் கண்டுபிடிக்கவும் முறையான பயிற்சி கொடுங்கள். அந்த வேலைக்கான ஊதியத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கையில் எடுத்துப் போகக்கூடிய தராசு ஒன்று கொடுங்கள். நேரில் போகாமல் போனில் கேட்டதை வீட்டுப் பார்வையாகப் பதிவு செய்ய முடியாதபடி உங்கள் மென்பொருளை மாற்றுங்கள். அன்று போட்ட எடையைக் கட்டாயம் கேட்கட்டும்.

இன்னொரு சின்ன விஷயம், இதற்குப் பெரிய செலவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதியும் தடுப்பூசித் தேதியும் எழுதித் தருகிறீர்கள். அதே சீட்டில் வீட்டுக்கு வரப்போகிறவரின் பெயர், அவர் கைப்பேசி எண், வரும் தேதி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வராவிட்டால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அந்தச் சீட்டைப் பிள்ளையின் அப்பா கையில் கொடுத்து, படித்துக் காட்டி அனுப்புங்கள்.

இதற்கான உத்தரவை விரைவில் வெளியிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதிச் செவிலியர் பணியிடம் எப்போது நிரப்பப்படும் என்பதற்கும் ஒரு பதில் தந்தால் உதவியாக இருக்கும். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பெண்களுக்கு அடுத்த மாதம் பிரசவ தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அந்தப் பிள்ளையின் பெரியம்மா