எங்கட கொண்டோ தமிழ்க் குடியிருப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கிற அங்கத்தவர்களுக்கும் வணக்கம். இந்த வருசம் நிர்வாகக் குழு ஆறு தரம் கூடினது. பொங்கல் விழா வழமைபோல பார்ட்டி ரூமில நடந்தது. பிள்ளையளின்ர கோடை ஒன்றுகூடல் மழையால ஒரு கிழமை தள்ளி நடந்தது. காலமான மூத்த அங்கத்தவர் இரண்டு பேருக்கும் அஞ்சலி செலுத்தினனாங்கள்.

இனி தண்ணி விசயம். என்ர வருசத்தில பாதி இதுக்குத்தான் போனது, அதால விரிவாச் சொல்லுறன்.

மாசியில ஒரு நாள் விடியக்காலமை எட்டாம் மாடி வீடொண்டில வோஷிங் மெசின் ஹோஸ் வெடிச்சது. பிறகு அதைக் கையில எடுத்துப் பாத்தன், கறுப்பு ரப்பர், பூட்டுற இடத்துக்குக் கிட்ட ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது, கடைசியா எப்ப மாத்தினது எண்டு வீட்டுக்காரருக்கே தெரியாது. நான் ஏழாம் மாடிக்குப் போகேக்க அங்கத்தைய அக்கா சமையலறை விளக்குக்குக் கீழ சோத்துப் பானையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, விளக்கு ஓட்டையால தண்ணி நூல் மாதிரி இறங்குது. ஆறாம் மாடியில சீலிங் வீங்கித் தொங்குது.

அண்டைக்கே சண்டை தொடங்கிட்டுது. எங்கட கட்டடத்துப் பொலிசியில தண்ணிச் சேதத்துக்கு டிடக்டிபிள் 25,000 டொலர், அதாவது முதல் 25,000ஐ இன்சூரன்ஸ் கொம்பனி தராது. மேல்வீடுதான் கட்டோணும் எண்டு கீழ்வீட்டு ஆக்கள், மாசாமாசம் மெயின்டனன்ஸ் பீஸ் கட்டுறம்தானே கட்டடத்தை நிர்வகிக்கிற போர்ட் பாக்கட்டும் எண்டு மேல்வீட்டு ஆக்கள். ஒருத்தரும் சட்டத்தைப் பாக்கேல்ல. நான் லோயர் இல்லை, ஆனா இருந்து வாசிச்சன்.

ஒன்டாரியோ கொண்டோமினியம் சட்டம், 1998, அதில 105ஆம் பிரிவு. பொதுவா டிடக்டிபிள் எண்டது பொதுச் செலவு, எல்லா யூனிட்டும், அதாவது எல்லா வீடும், பங்கு போடோணும். இதுக்கு விலக்கு 105(2). உரிமையாளரோ, அவரிட்ட வாடகைக்கு இருக்கிறவரோ, அவற்ற அனுமதியோட அங்க இருக்கிற வேற ஆரோ செய்த வேலையாலயோ செய்யாம விட்டதாலயோ உரிமையாளற்ற சொந்த யூனிட்டுக்குச் சேதம் வந்தா, திருத்திற செலவு, டிடக்டிபிள் இந்த ரெண்டில எது குறைவோ அது அவற்ற யூனிட் கணக்கில ஏறும். கட்டாட்டி வீட்டில லீன் விழும், அதாவது அந்தக் கடன் வீட்டுக்கு மேல பதிவாகும். "சொந்த யூனிட்" எண்ட சொல்லைக் கவனியுங்கோ. கீழ்வீட்டுக்கு வந்த சேதத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. 105(3)இன் கீழ பை-லோ, அதாவது உரிமையாளர் வோட்டால கட்டடத்துக்கெண்டு போடுற விதி, ஒண்டு நிறைவேற்றி இருந்தாத்தான் அதையும் மேல்வீட்டுக் கணக்கில ஏத்தலாம். எங்களிட்ட அந்த பை-லோ இல்லை, கட்டடத்தின்ர மூலப் பத்திரமான டிக்ளரேஷனிலயும் அப்பிடி ஒரு வசனம் இல்லை. அதால கீழ ரெண்டு வீட்டுச் சேதத்துக்கு வந்த டிடக்டிபிள் எங்கள் எல்லாற்ற மெயின்டனன்ஸ் பீசுக்குள்ள போட்டுது, முதலாம் மாடியில தனிய இருக்கிற பென்சன்காரருக்கும் சேத்து.

இதைத் திருத்தோணும் எண்டு நான் போர்டோட நாலு மாசம் கதைச்சன். அவையும் பை-லோவை எழுதி உரிமையாளர் கூட்டத்துக்குக் கொண்டு வந்தினம். கூட்டம் நடக்க 25 வீதம் வந்தாக் காணும், ஆனா இப்பிடிப்பட்ட பை-லோவுக்கு மொத்த யூனிட்டில பாதிக்கு மேல ஆதரவா வோட் போடோணும். 180 யூனிட், 91 வோட் வேணும். விழுந்தது 74. பதினேழு குறைவு. எங்கட தமிழ் வீடு 46இல வோட் போட்டது 19தான். நான் ப்ராக்ஸி போர்மை, அதாவது வர ஏலாதவை தங்களுக்காக வேற ஆள் வோட் போட எழுதிக் குடுக்கிற படிவத்தை, ஒவ்வொரு கதவுக்கும் கொண்டு போனன், சில வீட்டுக்கு மூண்டு தரம். உள்ள டிவி சத்தம் கேக்குது, கதவு திறக்கேல்ல. நாலு வீட்டுக்கு விருப்பம் இருந்தும் போட ஏலாமப் போச்சுது, ஏனெண்டா மெயின்டனன்ஸ் பீஸ் 30 நாளோ அதுக்கு மேலயோ நிலுவையில இருந்தா வோட் இல்லை. கூட்டத்துக்கு முதல் கட்டியிருந்தா போட்டிருக்கலாம். இதை அறிவித்தலில பெரிய எழுத்தில போட்டிருந்தன்.

செயலாளர் எங்கட ஆக்களையே மாட்டப் பாக்கிறார் எண்டு ஒரு கதை உலாவினது, அது எனக்கு நல்லாச் சுட்டது. எட்டாம் மாடி வீட்டுக்காரர் எனக்கும் வேண்டியவைதான். பை-லோ வந்தாலும் அவை கையால 25,000 கட்டோணும் எண்டில்லை, சொந்த இன்சூரன்சில டிடக்டிபிளுக்குக் கவரேஜ் எடுத்திருந்தா அது கட்டும். ஆனா மெயின்டனன்ஸ் பீசுக்குள்ள கரைஞ்சு போற காசை ஆரிட்டப் போய்க் கேக்கிறது? இப்பவே உங்கட பொலிசியை எடுத்து, டிடக்டிபிளுக்கு எவ்வளவு தருவினம் எண்டு பாருங்கோ, 10,000 எண்டு இருந்தா மிச்சம் 15,000 உங்கட தலையில. நீங்கள் காசு போட்டு மாத்தின நிலப்பலகை, கபினெட்டையும் கட்டடத்து இன்சூரன்ஸ் பாக்காது, அதுக்கும் உங்கட பொலிசிதான். வாடகைக்கு விட்டிருக்கிற ஆக்கள் இன்னும் கவனம், வாடகை ஆள் விட்ட பிழையும் உங்கட கணக்கிலதான் ஏறும்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாச் சொன்னா வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரி, கையில கொஞ்சம் இருக்கு. 20 டொலர் சந்தா பாதிப் பேர் இன்னும் தரேல்ல.

நிர்வாகக் குழுவுக்கும், பார்ட்டி ரூம் துப்பரவாக்கின தம்பிமாருக்கும், என்னோட கதவு தட்ட வந்த ரெண்டு அக்காமாருக்கும் நன்றி.

பை-லோ கூட்டத்தைத் திருப்பியும் வைக்க போர்ட் ஓம் எண்டு சொல்லியிருக்கு. அடுத்த வருசம் செயலாளரா நிக்கிறதோ எண்டு நான் இன்னும் முடிவெடுக்கேல்ல, வேற ஆரும் முன்வந்தா பைல் எல்லாத்தையும் சந்தோசமாக் குடுப்பன். ப்ராக்ஸி போர்ம் 27 அடிச்சு வைச்சிருக்கிறன், வாசல் மேசையில இருக்கு, போகேக்க எடுங்கோ. இண்டைக்கு வராத பக்கத்து வீட்டுக்கும் ஒண்டு கொண்டு போங்கோ.